பிராக்டிஸில் புலி, மேட்சில் எலியா?

கேள்வி:

வணக்கம் மேடம். கல்லூரி கூடைப்பந்து அணியில் மூன்றாவது வருடமாக ஆடுகிறேன். பாயிண்ட் கார்டு. போன மாதம் ஒரு டோர்னமென்ட் ஃபைனல். 8 வினாடி பாக்கி, நாங்கள் ஒரு புள்ளி பின்னால். என்னை விதி மீறித் தடுத்து ஃபவுல் செய்தார்கள். அதற்கு ஈடாக, யாரும் மறிக்காமல் கோட்டில் நின்று எறிகிற இரண்டு ஃப்ரீ த்ரோ. முதல் பந்து ரிங்கின் பின்விளிம்பில் பட்டுத் தெறித்தது. இரண்டாவது ரிங்கைத் தொடவே இல்லை. தோற்றுவிட்டோம். பிராக்டிஸில் நூற்றுக்கு எண்பது போடுகிறவன் நான். இப்போது சீனியர்கள் என்னை ‘பிராக்டிஸில் புலி, மேட்சில் எலி’ என்றுதான் கூப்பிடுகிறார்கள். மூன்று வாரமாகச் சரியான தூக்கம் இல்லை. கண்ணை மூடினால் அந்த இரண்டாவது பந்துதான். பெரிய மேட்ச் என்றாலே எனக்குக் காலையில் வாந்தி வந்துவிடும், அது வேறு. யூடியூபில் மைக்கேல் ஜோர்டன், கோபி பிரையன்ட் என்று அமெரிக்க வீரர்கள் எல்லாரையும் பார்க்கிறேன். கடைசி வினாடியில் அவர்களுக்கு மட்டும் எப்படிப் பயமே வருவதில்லை? அது பிறவியிலேயே வருகிற குணமா? இனிமேல் கடைசி நேரத்தில் என்னை வெளியே உட்கார வைத்துவிடுங்கள் என்று கோச்சிடம் சொல்லிவிடலாமா?

பெயர் வேண்டாம், கரூர்

பதில்:

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், கோச்சிடம் அப்படிச் சொல்லாதீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

யூடியூபுக்கு வருவோம். நீங்கள் பார்க்கும் வீடியோக்களை யாரோ ஒருவர் உட்கார்ந்து வெட்டி ஒட்டியிருக்கிறார். விழுந்த பந்தையெல்லாம் சேர்த்துக்கொண்டு, விழாததைத் தூக்கி எறிந்துவிட்டார். 1998 ஜூன் 14, யூட்டாவில் நடந்த, அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். 5.2 வினாடி இருக்கும்போது ஜோர்டன் போட்ட அந்தப் பந்தை நீங்கள் நூறு தடவையாவது பார்த்திருப்பீர்கள். சிகாகோ 87, யூட்டா 86. கோப்பை கைக்கு வந்தது. அன்றைக்கு அவர் மொத்தம் 35 முறை கூடையை நோக்கி எறிந்தார், விழுந்தது 15. மீதி இருபதுக்கு யார் வீடியோ போடுகிறார்கள்?

அதே ஜோர்டனை மூன்று வருடம் முன்னால் பார்ப்போம். 1995 மே மாதம், ஆர்லாண்டோ. பேஸ்பால் ஆடப் போயிருந்தவர் மார்ச்சில்தான் கூடைப்பந்துக்குத் திரும்பியிருந்தார். பழைய 23க்குப் பதிலாக 45ஆம் எண் பனியன் போட்டுக்கொண்டு ஆடினார். லீக் ஆட்டங்கள் முடிந்தபின் கோப்பைக்காக நடக்கும் பிளேஆஃபின் இரண்டாம் சுற்று, அதன் முதல் ஆட்டத்தில் சிகாகோ ஒரு புள்ளி முன்னிலை. இருபது வினாடிகூட இல்லை, பந்து ஜோர்டன் கையில். பந்துக்கு அதைவிடப் பத்திரமான இடம் அன்றைய உலகத்தில் இருந்திருக்காது. பின்னாலிருந்து ஓடி வந்த நிக் ஆண்டர்சன் என்ற ஆர்லாண்டோ வீரர் அதைத் தட்டிவிட்டார். அந்தப் பந்தை எடுத்துப் போய் டங்க் அடித்து ஆர்லாண்டோ முன்னிலைக்கு வந்தது. ஆட்டத்தைத் திருப்ப இன்னொரு வாய்ப்பு கிடைத்தபோது ஜோர்டன் கொடுத்த பாஸும் கைமாறிப் போனது. அந்த ஆட்டம் போச்சு, பிறகு தொடரும் போச்சு. கடைசி வினாடி என்றால் ஜோர்டன்தான் என்று நாம் சொல்கிறோமே, அவருக்குத்தான் இது நடந்தது.

இப்போது நிக் ஆண்டர்சனுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் ஞாபகம் வந்தவர் அவர்தான். ஜோர்டன் கையிலிருந்தே பந்தைப் பிடுங்கியவர் என்று ஊரே கொண்டாடியது. ஒரே மாதம். ஜூன் 7ஆம் தேதி, இறுதித் தொடரின் முதல் ஆட்டம், சொந்த ஊரில் ஹூஸ்டனுக்கு எதிராக. ஆர்லாண்டோ மூன்று புள்ளி முன்னிலை, 10.5 வினாடி பாக்கி, ஆண்டர்சனுக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. ஒன்று விழுந்தாலே ஆட்டம் ஏறக்குறைய முடிந்த மாதிரி. இரண்டும் விழவில்லை. இரண்டாவது தெறித்து வந்ததை அவரே பிடித்தார், மறுபடி ஃபவுல் வாங்கினார், மறுபடி இரண்டு ஃப்ரீ த்ரோ. அவையும் விழவில்லை. நாலுக்கு நாலும் போனது. ஹூஸ்டனின் கென்னி ஸ்மித் தூரத்திலிருந்து ஒரு மூன்று புள்ளிப் பந்தைப் போட்டுச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் ஆர்லாண்டோ தோற்றது, தொடரையும் நாலுக்குப் பூஜ்யம் என்று இழந்தது.

இந்த மனிதருக்கு அழுத்தத்தைத் தாங்கும் குணம் இருந்ததா, இல்லையா? மே மாதம் கேட்டிருந்தால் உண்டு என்பீர்கள். ஜூனில் கேட்டால் இல்லை என்பீர்கள். ஒரு மாதத்தில் ரத்தம் மாறிவிடாது. அதனால்தான் ‘பிறவியிலேயே வருவதா’ என்று யார் கேட்டாலும் நான் ஆண்டர்சனைச் சொல்வேன். ஒருவருக்குப் படபடப்பு அதிகம், இன்னொருவருக்குக் கொஞ்சம் கம்மி என்ற வித்தியாசம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கடைசி வினாடி வந்ததும் விஸ்வரூபம் எடுக்கிற தனி இனம் ஒன்று இருக்கிறது என்பதை நான் நம்பவில்லை.

ஆண்டர்சன் கதையில் அதற்கு அப்புறம் நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். அந்த ஆட்டத்துக்கு முன் ஃப்ரீ த்ரோவில் அவர் ஏறத்தாழ 70 சதவீதக்காரர். அடுத்த சீசனிலும் அதே அளவில்தான் போட்டார். அதற்கடுத்த 1996-97 சீசனில் 40 சதவீதத்துக்கு விழுந்துவிட்டார். நாலு பந்தால் தோற்றது ஒரு இரவு. அதைச் சுமந்துகொண்டு கோட்டில் நின்றது வருடக்கணக்கில். ஜோர்டன் அந்தக் கோடை முழுக்கப் பயிற்சி செய்து, அடுத்த சீசனில் 72 வெற்றி, கோப்பை என்று திரும்பி வந்தார். ஆனால் ஒன்று, நியாயமாகப் பேசினால் ஜோர்டனுக்கு அடிபட்டால் தாங்க வீட்டில் ஏற்கெனவே மூன்று கோப்பைகள் இருந்தன. ஆண்டர்சனுக்கு ஒன்றும் இல்லை. ஒருவர் மீண்டார், இன்னொருவர் மீளவில்லை என்பதை வைத்து ஒருவரை வீரன், மற்றவரைக் கோழை என்று நான் சொல்ல மாட்டேன்.

சரி, உங்கள் இரண்டு பந்துக்கு வருகிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு. நூற்றுக்கு எண்பது போடுகிறவர் இரண்டு பந்தையும் போடுவதற்கான வாய்ப்பு எவ்வளவு? 64 சதவீதம்தான். பதற்றமே இல்லாத செவ்வாய்க்கிழமை காலை பிராக்டிஸிலேயே மூன்று ஜோடிக்கு ஒரு ஜோடியில் ஏதாவது ஒரு பந்து தவறும். இரண்டும் தவறுவது 100 ஜோடிக்கு 4. அது உங்களுக்கு ஃபைனலில் வந்து விழுந்தது. அன்றைக்கு அழுத்தம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. அழுத்தம் இல்லாமலும் இது நடக்கும் என்கிறேன்.

அழுத்தம் எவ்வளவு செய்யும்? 2002-03 முதல் 2009-10 வரை என்பிஏவில் எறியப்பட்ட ஃப்ரீ த்ரோக்கள் எல்லாவற்றையும் எடுத்துப் பார்த்து 2011இல் ஓர் ஆய்வு வெளியானது. மிக நெருக்கமான ஆட்டங்களின் கடைசி வினாடிகளில் வீரர்கள் தங்கள் வழக்கத்தைவிடச் சராசரியாக 5 முதல் 10 சதவீதப் புள்ளி குறைவாகப் போடுகிறார்கள் என்று அதில் தெரிந்தது. கோடிகளில் சம்பளம் வாங்குகிற, இதுவே தொழிலான ஆட்கள்! இன்னொரு விஷயமும் அதில் இருக்கிறது. சொதப்பல் அதிகமாக நடப்பது இரண்டாவது பந்தில், அதுவும் முதலாவது தவறிய பிறகு. உங்களுக்கு நடந்தது அப்படியே இதுதான், இல்லையா?

அதே ஆய்வில் நான் அடிக்கடி எடுத்துச் சொல்லும் இரண்டு சங்கதிகள் உண்டு. பிளேஆஃபா சாதாரண லீக் ஆட்டமா, சொந்த ஊரா வெளியூரா, கூட்டம் எவ்வளவு என்பதெல்லாம் ஒரு வித்தியாசமும் செய்ததாகத் தெரியவில்லை. அதைவிட வேடிக்கை, ஸ்கோர் சமமாக இருக்கும்போது கடைசி வினாடியில்கூடச் சொதப்பல் காணப்படவில்லை. இது ஏன் என்பது என் ஊகம்தான்: சமமாக இருக்கும்போது தவறினால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போகும், அவ்வளவுதான். ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது தவறினால் ‘இவனால்தான் தோற்றோம்’ என்பார்கள். கையைக் கட்டிப்போடுவது ஆட்டத்தின் பெருமையோ கூட்டத்தின் சத்தமோ இல்லை, அந்தப் பழிதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பழி எப்படிக் கைக்குப் போகிறது? பேங்கில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள். தினமும் கண்ணை மூடிக்கொண்டு கிறுக்குகிற கையெழுத்துதான். கவுண்டரில் இருப்பவர் “ஒத்துவரலையே, திரும்பப் போடுங்க” என்று சொல்லிவிட்டு நம் கையையே பார்த்துக்கொண்டு நின்றால் என்ன ஆகிறது? கடைசிச் சுழி எந்தப் பக்கம் வளையும் என்று யோசிக்கிறோம். யோசித்துப் போட்டது முதலில் போட்டதைவிட மோசமாக வரும். ஆயிரம் தடவை செய்து கைக்குப் பழகிவிட்ட வேலையை, மூளை திடீரென்று ‘நகரு, நான் செய்கிறேன்’ என்று பிடுங்கிக்கொள்கிறது. அதற்கு அந்த வேலை தெரியாது. எங்கள் உளவியல் துறையில் சொதப்பலுக்குச் சொல்லப்படும் முக்கியமான விளக்கங்களில் இது ஒன்று.

உங்கள் முதல் பந்து பின்விளிம்பில் பட்டது, அதாவது வேகம் கூடிவிட்டது. அட்ரினலின் ஏறிய உடம்புக்கு அது சகஜம். உடனே மூளை ‘குறைத்துப் போடு’ என்று உத்தரவு போட்டிருக்கும். இரண்டாவது ரிங்குக்கே போகவில்லை. யாராவது மொபைலில் எடுத்திருந்தால் ஒரே ஒரு முறை பாருங்கள். இடது வலது விலகாமல், நீளம் மட்டும்தான் முன்னே பின்னே ஆகியிருக்கும் என்று நினைக்கிறேன்.

நீளம் என்றதும் கோபி ஞாபகம் வருகிறார். 1997 மே மாதம், யூட்டாவில், தோற்றால் வெளியே என்ற ஆட்டம். கோபிக்கு 18 வயது, பள்ளியிலிருந்து நேராக வந்த பையன். ஆட்டத்தின் கடைசியிலும் கூடுதல் நேரத்திலுமாக நாலு பந்து போட்டார். நாலுமே ரிங்கைத் தொடவில்லை. அவருடைய அணியான லேக்கர்ஸ் வெளியேறியது. ஊர் திரும்பியதும் ஒரு பள்ளிக்கூட ஜிம்முக்குப் போய்ப் பந்தைப் போட்டுக்கொண்டே இருந்ததாகப் பின்னால் அவரே சொல்லியிருக்கிறார். அதைவிட முக்கியம், அந்த நாலு பந்தைப் பற்றி அவர் சொன்ன விளக்கம். பந்தெல்லாம் நேராகத்தான் போயிருக்கிறது, தூரம்தான் போதவில்லை, அப்படியென்றால் காலில் பலம் இல்லை. பள்ளியில் வருடத்துக்கு ஆடிய ஆட்டங்களைப் போல இரண்டு மடங்குக்கு மேல் என்பிஏவில் ஆட வேண்டியிருக்கிறது, அதற்கு உடம்பைத் தயார் செய்ய வேண்டும். அவ்வளவுதான். ‘நான் எலியா’ என்ற கேள்வியே அதில் இல்லை. உங்கள் கடிதத்தில் அந்த இரண்டு பந்தைப் பற்றி இரண்டு வரி, உங்களைப் பற்றிப் பத்து வரி இருக்கிறது. கோபி பந்தைப் பற்றி மட்டும் யோசித்திருக்கிறார்.

அதனால் பிறகு அவர் பெரிய ஆட்டத்தில் தவறவே இல்லையா? தவறினார். 2010 இறுதித் தொடர், பாஸ்டனுக்கு எதிராக ஏழாவது ஆட்டம். 24 முறை எறிந்து 6தான் விழுந்தது. மோசம் என்றால் அப்படி ஒரு மோசம். ஆனால் அன்று அவர் 15 ரீபவுண்ட் எடுத்தார், அதாவது விழாமல் தெறித்து வந்த பந்தை 15 முறை பிடித்தார். கை ஒத்துழைக்கவில்லை என்று தெரிந்ததும் போர்டுக்கடியில் போய் முட்டி மோதினார், ஃபவுல் வாங்கி ஃப்ரீ த்ரோவில் 11 புள்ளி சேர்த்தார். லேக்கர்ஸ் 83-79 என்று ஜெயித்தது. கடைசி நிமிடத்தில் ஆட்டத்தை முடித்த மூன்று புள்ளியைப் போட்டது கோபி இல்லை, ரான் ஆர்டெஸ்ட், அதுவும் கோபி கொடுத்த பாஸில். ஆட்டம் முடிந்ததும் மைக் முன்னால் நின்று ஆர்டெஸ்ட் நன்றி சொன்னவர்களில் அவருடைய மனநல மருத்துவரும் ஒருவர். பலர் சிரித்தார்கள். என் தொழிலில் இருப்பவர்கள் சிரிக்கவில்லை.

உங்கள் நிலைமைக்கு மிகப் பொருத்தமான ஆள் இவர்கள் யாரும் இல்லை, டிர்க் நோவிட்ஸ்கி. ஜெர்மனியிலிருந்து வந்து டல்லாஸுக்கு ஆடியவர், ஃப்ரீ த்ரோவில் 90 சதவீதம். 2006 இறுதித் தொடரில் மயாமிக்கு எதிராக டல்லாஸ் முதல் இரண்டு ஆட்டம் ஜெயித்துவிட்டது. மூன்றாவதில் 3.4 வினாடி பாக்கி, இரண்டு புள்ளி பின்னால், நோவிட்ஸ்கிக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ. முதலாவது விழுந்தது. சமன் செய்ய வேண்டிய இரண்டாவது விழவில்லை. அதற்கப்புறம் டல்லாஸ் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை, 4-2 என்று தொடர் போச்சு. அடுத்த வருடம் இன்னும் கேவலம். லீக்கில் 67 வெற்றி, நோவிட்ஸ்கிதான் அந்த வருடத்தின் சிறந்த வீரர். பிளேஆஃப் முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து அணியான கோல்டன் ஸ்டேட்டிடம் தோற்று வெளியே. ‘மென்மையான ஆள், பெரிய ஆட்டத்துக்கு ஆக மாட்டார்’ என்று எழுதாத பத்திரிகை இல்லை. உங்கள் சீனியர்கள் நாலு பேர் சொல்வதை இவருக்கு ஒரு நாடே சொன்னது.

என்ன செய்தார்? தன் பழைய குரு ஹோல்கர் கெஷ்விண்ட்னரோடு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதியில் வாரக்கணக்கில் சுற்றினார். திரும்பி வந்து அதே பயிற்சிக்குப் போனார். இந்தக் குரு கணக்கும் இயற்பியலும் படித்த ஒரு முன்னாள் வீரர். பந்து எந்தக் கோணத்தில் ஏறினால் பிழைக்கு அதிக இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டு, பையனாக இருந்த காலத்திலிருந்தே நோவிட்ஸ்கியின் எறிதலை வடித்தவர். ஃப்ரீ த்ரோ கோட்டில் நிற்கும்போது மனசுக்குள் ஒரு பாட்டை முணுமுணுப்பது நோவிட்ஸ்கியின் வழக்கம். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் பேங்க் கவுண்டர் கதைக்கு இதுதான் மருந்து. மூளைக்கு மெல்லுவதற்கு ஏதாவது கொடுத்துவிட்டால் கையை அது விட்டுவிடும்.

2011இல் மறுபடி அதே மயாமி, மறுபடி இறுதித் தொடர். அதற்கு முந்தைய சுற்றின் முதல் ஆட்டத்தில் நோவிட்ஸ்கி 24 ஃப்ரீ த்ரோ எறிந்து 24ஐயும் போட்டிருந்தார். இறுதித் தொடர் முழுக்க 46க்கு 45. நாலாவது ஆட்டத்தில் காய்ச்சலோடு ஆடினார். ஆனால் இதையெல்லாம்விட எனக்குப் பிடித்தது ஆறாவது, கடைசி ஆட்டம். முதல் பாதியில் 12 முறை எறிந்து ஒன்றுதான் விழுந்தது. ஐந்து வருடமாகச் சுமந்த ஆட்டம் அது, அதில் பன்னிரண்டுக்கு ஒன்று! நீங்களோ நானோ என்றால் இரண்டாம் பாதியில் பந்தே வேண்டாம் என்று ஓரமாக ஒதுங்கியிருப்போம். அவர் 15 முறை எறிந்தார், 8 விழுந்தது. முதல் பாதியில் அணியைத் தாங்கிப் பிடித்தவர் ஜேசன் டெர்ரி. டல்லாஸ் கோப்பையை வென்றது. மணி அடித்ததும் நோவிட்ஸ்கி கொண்டாட நிற்காமல், மேஜையைத் தாண்டி உடை மாற்றும் அறைக்கு ஓடிப்போய் அழுதார். பயமே இல்லாத ஆள் அப்படி அழுவாரா?

எதிர் அணியில் அன்று லெப்ரான் ஜேம்ஸ் இருந்தார். நாலாவது ஆட்டத்தில் அவர் எடுத்தது வெறும் 8 புள்ளி. அப்போது அவரைச் சொல்லாத சொல் இல்லை. அடுத்த வருடமே பாஸ்டனில், தோற்றால் வெளியே என்ற ஆட்டத்தில், 45 புள்ளி போட்டார்.

மயாமியின் ரே ஆலன் விஷயத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது பயிற்சியைப் பற்றியது. 2013 இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டம். மயாமி மூன்று புள்ளி பின்னால். சான் அன்டோனியோவுக்குக் கோப்பை கொடுக்க கோர்ட்டைச் சுற்றி மஞ்சள் கயிறு கட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். லெப்ரான் எறிந்தது விழவில்லை. கிறிஸ் பாஷ் ரீபவுண்ட் எடுத்தார். கூடைக்கடியில் இருந்த ஆலன் முகத்தைத் திருப்பாமல் பின்னாலேயே நடந்து மூலைக்குப் போனார், பாஸ் வாங்கினார், எறிந்தார். 5.2 வினாடி இருக்கும்போது சமன். கூடுதல் நேரத்தில் மயாமி வென்றது. பார்த்தவர்கள் அதிசயம் என்றார்கள். ஆனால் ஆலன் பல வருடமாகச் செய்துவந்த ஒரு பயிற்சி உண்டு. கூடைக்கு முன்னால் தரையில் படுத்துக்கொள்வார். சட்டென்று எழுந்து, கோட்டைப் பார்க்காமல் பின்பக்கமாகவே மூலைக்கு ஓடி, வரும் பந்தை வாங்கி எறிவார். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாக இருந்திருக்கும். அந்த இரவில் அவர் புதிதாக எதையும் செய்யவில்லை.

அதே ஆட்டத்தில், அதற்குச் சில வினாடி முன்பு, சான் அன்டோனியோவின் மனு ஜினோபிலியும் கவாய் லெனர்டும் ஆளுக்கு ஒரு ஃப்ரீ த்ரோ தவறவிட்டார்கள். அதில் ஒன்று விழுந்திருந்தாலும் ஆலன் பந்துக்கு வேலையே இல்லை. லெனர்டுக்கு அப்போது 21 வயது, கிட்டத்தட்ட உங்கள் வயது. அடுத்த வருடம் அதே மயாமியைத் தோற்கடித்த இறுதித் தொடரில் சிறந்த வீரர் விருது வாங்கியவர் அவர்தான்.

இனி உங்கள் வேலை. நூறு ஃப்ரீ த்ரோவைத் தொடர்ந்து போட்டு எண்பது எடுக்கும் பயிற்சியைக் குறைத்துக்கொள்ளுங்கள். மேட்சில் யாரும் உங்களுக்கு நூறு கொடுக்கப் போவதில்லை. இரண்டுதான் கிடைக்கும், அதுவும் மூச்சு வாங்கும்போது. அதனால் கோர்ட்டின் நீளத்துக்கு இரண்டு முறை ஓடிவிட்டு வந்து இரண்டு மட்டும் போடுங்கள். மறுபடி வேறு வேலை, மறுபடி இரண்டு. பயிற்சி முடியும்போது எல்லாரும் சுற்றி நின்று பார்க்க, கடைசியாக ஒரு ஜோடி. தவறினால் அணி முழுக்க ஓட வேண்டும், அல்லது நீங்கள் எல்லாருக்கும் டீ வாங்கித் தர வேண்டும், எதையாவது பணயம் வையுங்கள். நெதர்லாந்தில் தேர்ந்த கூடைப்பந்து வீரர்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வில், இப்படிக் கொஞ்சம் பதற்றத்தோடு பயிற்சி எடுத்தவர்கள் பிறகு அழுத்தம் வந்தபோது சரியவில்லை என்று தெரிந்தது. ஃபைனல் அளவுக்கான பதற்றத்தை டீக்கடையில் உண்டாக்க முடியாதுதான். கொஞ்சம் போதும்.

கோட்டில் நிற்கும்போது செய்வதை ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். என்பிஏ வீரர் யானிஸ் பத்து வினாடி எடுத்துக்கொள்வதைப் பார்த்து நீங்களும் செய்யப் போகாதீர்கள். நம் ஊர் ஆட்டங்களுக்குச் சர்வதேசக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபாவின் விதி, ஐந்து வினாடிதான். பந்தை வாங்குவதற்கு முன்பே, நடுவர் கையில் பந்து இருக்கும்போதே, நீளமாக ஒரு மூச்சை வெளியே விட்டுவிடுங்கள். இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியம். பந்து கைக்கு வந்ததும் இரண்டு தட்டு. பிறகு கண்ணை ரிங்கின் முன்விளிம்பில் ஒரே இடத்தில் நிறுத்தி, கிட்டத்தட்ட ஒரு வினாடி வைத்திருந்து, எறியுங்கள். ஜோன் விக்கர்ஸ் என்ற கனடா ஆய்வாளர் கண் அசைவை அளந்து பார்த்ததில், நன்றாக ஃப்ரீ த்ரோ போடுகிறவர்கள் எறிவதற்கு முன் பார்வையை அதிக நேரம் ஓரிடத்தில் நிறுத்துகிறார்கள் என்று கண்டுபிடித்தார். பதற்றத்தில் முதலில் தாவுவது கண்தான். ஸ்கோர் போர்டு, எதிர் பெஞ்ச், கேலரியில் அப்பா என்று ஓடும். முழங்கை, மணிக்கட்டு எதையும் யோசிக்காதீர்கள். வேண்டுமானால் மனசுக்குள் பாட்டுப் பாடுங்கள். எந்தப் பாட்டு என்று யாருக்கும் சொல்ல வேண்டாம்.

யானிஸைச் சொன்னதால் ஒன்று. 2021 பிளேஆஃபில் அவர் கோட்டில் நின்றால் எதிர் ஊர்க் கூட்டம் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணும். அந்த பிளேஆஃப் மொத்தத்தில் அவர் 60 சதவீதத்தைத் தொடவில்லை. கோப்பையை வென்ற கடைசி ஆட்டத்தில் மட்டும் 19க்கு 17 போட்டார். அந்த நாட்களில் அவர் பேட்டியில் சொன்னதன் சாரம், நடந்ததை நினைப்பது அகந்தை, நடக்கப் போவதை நினைப்பது கர்வம், இப்போது இருப்பதில் இருப்பதுதான் பணிவு என்பது. எல்லா வீரர்களும் பேட்டியில் தத்துவம் பேசுவார்கள், எனக்கு அதில் பெரிய ஈடுபாடு கிடையாது. இது மட்டும் மனசில் நின்றது.

முதல் பந்து தவறினால்? அதற்கும் ஒரு காரியம் வைத்துக்கொள்ளுங்கள். கோட்டிலிருந்து ஒரு அடி பின்னால் வந்து, கையை உதறி, மறுபடி மூச்சை விட்டு, முதலிலிருந்து. வேகத்தைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. இரண்டாவது பந்தும் முதல் பந்துதான்.

கோச் விஷயம். ‘என்னை வெளியே வையுங்கள்’ என்று கேட்டால் அவர் வைத்துவிடக்கூடும், அதுதான் பிரச்சினை. அன்று இரவு உங்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஒதுங்கினால் நிம்மதி என்பதை உடம்பு ஒரு முறை கற்றுக்கொண்டால், அடுத்த முறை கடைசி இரண்டு நிமிடமும் வேண்டாம் என்னும், பிறகு கடைசிக் கால்பகுதியே வேண்டாம் என்னும். அவரிடம் போய், “சார், அடுத்த மாதம் முழுக்கப் பிராக்டிஸ் முடிவில் எனக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, எல்லார் முன்னாலும்” என்று கேளுங்கள். எனக்குத் தெரிந்த எந்தக் கோச்சும் இதற்கு மாட்டேன் என்று சொன்னதில்லை.

சீனியர்களுக்கு என்னிடம் பெரிய மருந்து இல்லை. அவர்களில் எத்தனை பேர் ஃபைனலில், ஒரு புள்ளி பின்னால் இருக்கும்போது அந்தக் கோட்டில் நின்றிருக்கிறார்கள் என்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள், வாய்விட்டுக் கேட்க வேண்டாம்.

தூக்கம்தான் என்னை உறுத்துகிறது. மூன்று வாரம் கொஞ்சம் அதிகம். இன்னும் பத்து நாளில் சரியாகவில்லை என்றாலோ, படிப்பும் சாப்பாடும் கெட ஆரம்பித்தாலோ, கல்லூரி ஆலோசகரையோ ஒரு மனநல மருத்துவரையோ நேரில் பாருங்கள். நேரில் போகத் தயக்கம் என்றால் 14416 என்ற அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். கிளீவ்லேண்டின் கெவின் லவ் 2017 நவம்பரில் ஒரு ஆட்டத்தின் நடுவே மூச்சுத் திணறி, பயத்தில் கோர்ட்டைவிட்டு வெளியேறினார். சில மாதம் கழித்து அதைத் தானே வெளிப்படையாக எழுதினார். அதற்கு முந்தைய வருடம் அவர் சாம்பியன் அணியில் இருந்தவர்.

கடைசியாக வாந்தி. பாஸ்டனின் பில் ரஸ்ஸல் 13 சீசன் ஆடி 11 கோப்பை வென்றவர். தோற்றால் எல்லாம் போச்சு என்ற ஏழாவது ஆட்டங்கள் பத்தில் ஆடிப் பத்தையும் ஜெயித்தவர். பெரிய ஆட்டத்துக்கு முன் அவர் வாந்தி எடுப்பார். உடை மாற்றும் அறையில் அந்தச் சத்தம் கேட்டால் மற்றவர்களுக்கு நிம்மதி, இன்றைக்கு ரஸ்ஸல் தயார் என்று. அதனால் வந்தால் வரட்டும், வாயைக் கொப்பளித்துவிட்டு வார்ம்-அப்புக்குப் போங்கள். ஆனால் வெறும் வயிற்றோடு ஆடாதீர்கள். மேட்சுக்கு மூன்று மணி நேரம் முன்னால் நாலு இட்லி, சாம்பார் கம்மியாக. ஆட்டத்துக்கு முன் பாதி வாழைப்பழம். காபி அன்றைக்கு மட்டும் வேண்டாம்.